படகுக்கும் வேண்டும் ஒரு கறுப்புப் பெட்டி

நம் வங்கக் கடலில் ஓராண்டு இடைவெளியில் இரண்டு விமானங்கள் மறைந்தன. முதலாவது, இந்தியக் கடலோரக் காவல் படையின் டார்னியர் விமானம். 2015 ஜூன் 8 ஆம் நாள் மாலை சென்னையிலிருந்து ரோந்துப் பணிக்குப் புறப்பட்ட அது, அன்றிரவே மூன்று பேருடன் காணாமற் போயிற்று. இரண்டாவது, விமானப் படையின் ஏஎன்-32 ரகப் போக்குவரத்து விமானம். 2016 ஜூலை 22 ஆம் நாள் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் கிளம்பிய அது, வழியிலேயே மறைந்தது.

முதல் விமானத்தின் பதிவுக் கருவியை ஏறத்தாழ ஒரு மாதத்தில் எடுத்துவிட்டார்கள். அது சிதம்பரம் கடற்கரைக்கு அப்பால், ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான ஆழத்தில் கிடந்தது. இரண்டாவது விமானத்தின் சிதைவுகள் கண்ணில் பட ஏழரை ஆண்டுகள் ஆயின. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் தானியங்கி நீர்மூழ்கி, சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கி.மீ. தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அவற்றைப் படமெடுத்திருந்தது. 2024 ஜனவரியில்தான் அந்தச் செய்தி நமக்குக் கிடைத்தது.

இவ்வளவு வேறுபாடு ஏன்? கடலின் ஆழம் ஒரு காரணம். மற்றொரு காரணம், ஒரு சாண் நீளம்கூட இல்லாத ஓர் உலோகக் குழல். டார்னியரில் அது இருந்தது; நீருக்கடியிலிருந்து 'இங்கே இருக்கிறேன், இங்கே இருக்கிறேன்' என்று ஒலித்துக்கொண்டே இருந்தது. கடற்படையின் 'சந்தாயக்' கப்பலும் 'சிந்துத்வஜ்' நீர்மூழ்கியும் அந்த ஒலியைக் கேட்டன. ஏஎன்-32 விமானத்தில் நீருக்கடியில் ஒலிக்கும் அத்தகைய கருவி இல்லை.

மாணவர்களே, ஒரு விபத்திலிருந்து நாம் பாடம் கற்க வேண்டுமானால் இரண்டு பொருள்கள் வேண்டும்: நடந்ததை மறக்காத ஒரு நினைவு, அந்த நினைவு எங்கே கிடக்கிறது என்று சொல்ல ஒரு குரல். விமானத்துக்கு இவ்விரண்டையும் கொடுத்துவிட்டோம். பழவேற்காட்டிலிருந்து கடலுக்குப் போகும் படகுக்கு இன்னும் முழுமையாகக் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும், அதுவும் சில நிபந்தனைகளோடு கொடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. அதற்கு முன் இந்தப் பெட்டியின் கதையைச் சற்றுப் பார்ப்போம்.

பெட்டி பிறந்த கதை

பெயர்தான் கறுப்புப் பெட்டி. நிறம் பளிச்சென்ற செம்மஞ்சள். சிதைவுகளுக்கு நடுவே எளிதில் கண்ணில் பட வேண்டும் அல்லவா? பொதுவாக இவை இரண்டு கருவிகள். ஒன்று உயரம், வேகம், திசை, எஞ்சினின் நிலை முதலியவற்றைப் பதியும். மற்றொன்று விமானிகளின் பேச்சையும் அறையில் எழும் ஓசைகளையும் பதியும்.

இதன் வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1953 மே 2 ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து கிளம்பிய காமெட் என்ற ஜெட் விமானம், சில நிமிடங்களில் இடி மழையினூடே சிதறி விழுந்தது. 43 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டில் மேலும் இரண்டு காமெட் விமானங்கள் மத்தியதரைக் கடலில் விழுந்தன. ஜெட் விமானங்கள் அக்காலத்தில் புதுமை. என்ன நடந்தது என்று சொல்ல ஒருவரும் பிழைக்கவில்லை. இதை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் ஆஸ்திரேலிய வேதியியலறிஞர் டேவிட் வாரன். அவர் ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்தபோது, 1934 இல், அவருடைய தந்தை ஒரு விமானத்தோடு கடலில் மறைந்து போனவர். 'கடைசி நேரத்தில் விமானிகள் பேசியது மட்டும் நமக்குக் கேட்டால்?' என்று வாரன் எண்ணினார். மெல்லிய எஃகுக் கம்பியில் நான்கு மணி நேரப் பேச்சைப் பதியும் மாதிரிக் கருவியை 1950களின் பிற்பகுதியில் செய்தும் காட்டினார்.

அதை யார் எதிர்த்தார்கள் தெரியுமா? விமானிகளே எதிர்த்தார்கள். 'எங்கள் பேச்சை ஒட்டுக் கேட்கும் ஒற்றன் இது' என்பது அவர்கள் வாதம். இந்த எதிர்ப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

அடி, நெருப்பு, அழுத்தம்

விமானமே தூளாகும்போது பெட்டி மட்டும் எப்படித் தப்புகிறது? பள்ளிக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 360 கி.மீ. வேகத்தில் வரும் பொருள் மோதி, 15 செ.மீ. தொலைவுக்குள் நின்றுவிடுவதாகக் கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை, கடந்த தொலைவின் இருமடங்கால் வகுத்தால் எதிர்முடுக்கம் கிடைக்கும். 10,000 ஐ 0.3 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 33,300. இது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 3,400 மடங்கு! பதிவுக் கருவி தாங்க வேண்டும் என்று பன்னாட்டுத் தரவிதிகள் கேட்பதும் இதே 3,400 மடங்குதான். அந்தக் கணத்தில் 50 கிராம் எடையுள்ள ஒரு மின்சுற்றுப் பலகை 170 கிலோ எடையுள்ளதுபோல் ஆகிவிடும். எனவே நினைவுச் சில்லுகளை அசைய இடமில்லாதபடி கெட்டியாகப் பொதிந்து, எஃகு அல்லது டைட்டானியம் கூட்டுக்குள் வைக்கிறார்கள்.

அடுத்தது நெருப்பு. 1,100 டிகிரி செல்சியஸ் சுடரில் ஒரு மணி நேரம் தாங்க வேண்டும். சில பெட்டிகளில் இதற்குக் கையாளும் உத்தி உங்கள் வீட்டு மண்பானையில் இருக்கிறது. பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் தண்ணீர் குளிர்கிறது. ஒரு கிராம் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கலோரி போதும். அதை ஆவியாக்கவோ மேலும் 540 கலோரி வேண்டும். தன்னுள் நீரை வேதிமுறையில் பிடித்து வைத்திருக்கும் பொருளைச் சில்லுகளைச் சுற்றி வைத்தால், வெளியிலிருந்து வரும் வெப்பம் முதலில் அந்த நீரை ஆவியாக்கவே செலவாகும். உள்ளே உள்ள சில்லு பிழைக்கும்.

மூன்றாவது அழுத்தம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. கருவி 6,000 மீட்டர் ஆழத்தைத் தாங்க வேண்டும். அங்கே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மேலும் சுமார் 600 கிலோ எடை அழுத்தும்.

நீருக்குள் ஒரு குரல்

விபத்துக்குள்ளான விமானம் வானொலி அலை மூலம் கூப்பிட முடியாதா? தரையில் விழுந்தால் முடியும். கடலுக்குள் மூழ்கினால் முடியாது. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்துவதால் வானொலி அலை சில மீட்டருக்குள்ளேயே ஒடுங்கிவிடும். நீருக்குள் வழி தெரிந்தது ஒலிதான். விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில் ஓடும்.

முதலில் கண்ட குழலின் வேலை இதுதான். அதன்மேல் தண்ணீர் பட்டதும் மின்சுற்று மூடும். விநாடிக்கு ஒருமுறை 37.5 கிலோ ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒலிக்கும். நம் காது 20 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது. ஆகவே கடலில் முழுகிப் பார்ப்பவருக்கு இது கேட்காது, தனிக் கருவி வேண்டும். அதிர்வெண் கூடக் கூட நீர் ஒலியை அதிகமாக உறிஞ்சுகிறது. அதனால் இக்குரல் இரண்டு, மூன்று கிலோமீட்டருக்குமேல் எட்டுவது அரிது. ஆழம் மிகுந்த இடத்தில் கேட்கும் கருவியைக் கயிற்றில் கட்டி ஆழத்துக்கு இறக்கித்தான் தேட வேண்டும். 8.8 கிலோ ஹெர்ட்ஸில் ஒலிக்கும் குழல்களும் இப்போது உண்டு. அவற்றின் குரல் இன்னும் தொலைவு செல்லும்.

முன்பு இக்குழல்கள் 30 நாட்கள் ஒலித்தால் போதும் என்பது விதி. 2014 மார்ச் 8 ஆம் நாள் மலேசிய விமானம் ஒன்று 239 பேருடன் மறைந்து, தேடியவர்கள் சரியான இடத்தை அறியுமுன் அந்த 30 நாட்கள் ஓடிவிட்டன. இப்போது புதிய குழல்கள் 90 நாட்கள் ஒலிக்க வேண்டும் என்பது விதி. அந்த விமானத்தைப் பற்றிய அறிக்கையில் இன்னொரு செய்தியும் வெளியாயிற்று: அதன் பறப்புப் பதிவுக் கருவியில் பொருத்திய குழலின் மின்கலம் 2012 டிசம்பரிலேயே காலாவதியாகியிருந்தது. கருவி வாங்குவது பாதி வேலை. அதைப் பேணுவது மறுபாதி.

உடைந்ததைப் படிப்பது எப்படி?

கடலிலிருந்து எடுத்த பெட்டியை வெயிலில் காய வைக்கலாமா? கூடாது. காற்றுப் பட்டால் உப்பு உலோகத்தை வேகமாக அரிக்கத் தொடங்கும். எனவே அதை நல்ல தண்ணீரில் மூழ்கவைத்தே ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு செல்வது வழக்கம். அங்கே உப்பைக் கழுவி, ஈரத்தைப் பொறுமையாக நீக்குகிறார்கள். மின்னிணைப்புகளை ஒவ்வொன்றாக அளந்து, எங்கும் குறுக்குச் சுற்று இல்லை என்று உறுதி செய்த பின்னரே மின்சாரம் கொடுக்கிறார்கள். 2009 ஜூன் 1 ஆம் நாள் அட்லாண்டிக் கடலில் விழுந்த ஏர் பிரான்ஸ் விமானத்தின் பெட்டிகள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் 3,900 மீட்டர் ஆழத்தில் கிடந்தன. 2011 மே மாதம் எடுத்தபோது அவற்றிலிருந்த பதிவுகளைப் படிக்க முடிந்தது.

நம் நாட்டுக்கும் இதில் அனுபவம் உண்டு. 1985 ஜூன் 23 ஆம் நாள் அயர்லாந்துக்கு அப்பால் 329 பேருடன் விழுந்த ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானத்தின் பதிவு நாடாக்களைப் பம்பாயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் ஆராய்ந்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2025 ஜூன் 12 ஆம் நாள், அகமதாபாதில் ஏர் இந்தியா விமானம் விழுந்து 260 பேர் இறந்தனர். அதில் இரண்டு பதிவுக் கருவிகள் இருந்தன. வாலில் இருந்த கருவி மிகவும் சிதைந்து, வழக்கமான முறையில் படிக்க இயலாததாயிற்று. முன்பக்கக் கருவியும் தீயில் கருகியிருந்தது. ஆனால் அதன் காப்புக் கூட்டுக்குள் இருந்த நினைவுப் பகுதி நலமாக இருந்தது. அதை வெளியே எடுத்து, அதே ரகத்தைச் சேர்ந்த பழுதற்ற வேறொரு கருவியோடு இணைத்து, ஜூன் 25 ஆம் நாள் டில்லி ஆய்வுக்கூடத்தில் படித்தார்கள். 49 மணி நேரப் பறப்புச் செய்தியும் இரண்டு மணி நேர ஒலிப்பதிவும் கிடைத்தன.

இதில் நம் அன்றாட வாழ்வுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. ஏரியில் விழுந்த கைப்பேசியை எடுத்ததும் நாம் என்ன செய்கிறோம்? வேலை செய்கிறதா என்று உடனே பொத்தானை அழுத்துகிறோம். உப்பு நீரில் நனைந்த சுற்றில் மின்சாரம் பாய்ந்தால் மின்பகுப்பு நடக்கிறது. நூலிழை போன்ற செம்புப் பாதைகள் கரைகின்றன. அரிசியில் புதைத்து வைப்பதாலும் உப்பு வெளியே வராது. மின்சாரத்தை நிறுத்தி வைத்துவிட்டுப் பழுது பார்ப்பவரிடம் கொடுப்பதே அறிவுடைமை.

ராக்கெட் காட்டும் வழி

பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏறுவதைப் பழவேற்காட்டுப் பிள்ளைகள் தம் கரையில் நின்றபடியே பார்க்கிறார்கள். ராக்கெட்டின் பகுதிகள் கடலில் விழுந்துவிடுகின்றன. அவற்றைத் தேடி எடுத்துப் படிக்க விஞ்ஞானிகள் காத்திருப்பதில்லை. பறக்கும்போதே அழுத்தம், வெப்பம், அதிர்வு எல்லாவற்றையும் வானொலி மூலம் தரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள்.

விமானமும் இப்படிச் செய்தால் பெட்டியே தேவையில்லையே என்று உங்களில் சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. ராக்கெட் பறப்பது சில நிமிடங்கள். விமானங்களோ எந்நேரமும் ஆயிரக்கணக்கில் பறந்துகொண்டிருக்கின்றன. எல்லாச் செய்தியையும் செயற்கைக்கோள் வழியாக அனுப்பச் செலவு மிகுதி. விமானம் தலைகீழாகச் சுழன்றால் தொடர்பும் அறுந்துபோகும். ஏர் பிரான்ஸ் விமானம் தன் கடைசி நிமிடங்களில் 24 குறுஞ்செய்திகளைத் தானாகவே அனுப்பியது. எங்கே தேடுவது என்பதற்கு அவை உதவின; ஏன் விழுந்தது என்ற முழு விடையைப் பெட்டிதான் சொன்னது. எனவே இரண்டும் வேண்டும்: சுருக்கமான செய்தி உடனுக்குடன் கரைக்கு, முழுப் பதிவு பெட்டிக்குள்.

படகுக்கு என்ன வேண்டும்?

2011 டிசம்பர் 25 ஆம் நாள் பழவேற்காட்டில் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அளவுக்கு மீறி ஆட்கள் ஏறியிருந்தனர் என்று செய்திகள் கூறின. படகு எந்த இடத்தில், எவ்வளவு சாய்ந்தபோது நிலை தவறியது என்று சொல்ல ஒரு பதிவும் இல்லை. இதைவிட அமைதியாக நடப்பவை முகத்துவார விபத்துகள். ஏரி கடலோடு சேரும் அந்த வாயில் மணல் ஒதுங்கிக்கொண்டே இருக்கும். ஆழமான வழி இடம் மாறும். பழக்கமுள்ள கைகளே அங்கே படகைக் கவிழ்த்துவிடுவது உண்டு. மறுநாள் அதைப் பற்றி ஊரில் பேசுவார்கள்; ஒரு மாதத்தில் பேச்சும் ஓய்ந்துவிடும்.

குரல் விஷயத்தில் நாம் ஓரளவு முன்னேறியிருக்கிறோம். ஆபத்தில் பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியை இஸ்ரோ 2010 முதல் மீனவர்களுக்கு அளித்து வருகிறது. 2024 இல் வந்த அதன் இரண்டாம் தலைமுறைக் கருவி, 'உங்கள் அழைப்பு கிடைத்தது' என்று பதிலும் தருகிறது. கடலில் தத்தளிப்பவனுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய தெம்பு! 13 கடலோர மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் ஒரு லட்சம் படகுகளுக்கு இருப்பிடம் காட்டும் கருவியை இலவசமாகப் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு 2024 ஆகஸ்டில் தொடங்கியது.

நினைவு விஷயத்தில்தான் குறை. அதற்கு விமானப் பெட்டி போன்ற விலையுயர்ந்த கருவி தேவையில்லை. படகின் இடம், வேகம், சாய்வு, குலுக்கம் ஆகியவற்றை அளக்கும் உணர்விகள் சாதாரணக் கைப்பேசியிலேயே இருக்கின்றன. விநாடிக்கு 20 பைட் எழுதினால் ஒரு நாளைக்கு 86,400 விநாடிகளுக்கு 1.7 மெகாபைட். ஓராண்டு முழுவதும் எழுதினாலும் 650 மெகாபைட்டைத் தாண்டாது. விரல் நகமளவு நினைவட்டையில் ஓராண்டுக் கடல் வாழ்க்கை அடங்கிவிடும்! அதை நீர் புகாத, மிதக்கும் கூட்டில் வைத்தால் போதும்.

இதன் பயன் விபத்துக்குப் பிறகு மட்டும் என்று எண்ண வேண்டாம். நலமாகத் தரையிறங்கிய விமானங்களின் பதிவுகளையும் விமான நிறுவனங்கள் ஆராய்ந்து, ஆபத்து நெருங்கிய இடங்களைக் கண்டு திருத்துகின்றன. அதுபோல் ஐம்பது படகுகள் ஒரு பருவம் முழுவதும் முகத்துவாரத்தைக் கடந்த பதிவுகளை ஒன்று சேர்த்தால், எந்த ஏற்றவற்றத்தில், எந்தப் பக்கத்தில் படகுகள் அதிகம் குலுங்கின என்று ஒரு வரைபடமே கிடைக்கும். லைட் ஹவுஸ் குப்பத்துப் பள்ளி மாணவர்கள்கூட அதை வரையலாம்.

நிபந்தனைகள்

இனி, விமானிகளின் எதிர்ப்பை நினைவுகூர்வோம். மீனவருக்கும் அதே அச்சம் எழுவது இயல்பு. ஏரியின் ஒரு பகுதி தமிழ்நாட்டில், பெரும்பகுதி ஆந்திரத்தில். எல்லையை ஒட்டித் தகராறுகள் நடந்ததுண்டு. ராக்கெட் ஏவும் நாட்களில் கடலுக்குப் போகத் தடையும் உண்டு. 'நான் எங்கே போனேன் என்று கருவி காட்டிக் கொடுத்தால், நாளை எனக்கு அபராதம் வருமே' என்று ஒருவர் கேட்டால், அவரை அறிவியலுக்குப் பகைவர் என்று ஒதுக்குவது நியாயமல்ல. அச்சமூட்டும் கருவி நாளடைவில் படகிலிருந்து கழற்றப்பட்டு வீட்டுப் பரணுக்குப் போய்விடும். அப்போது ஆபத்து நேரத்தில் கூப்பிடவும் கருவி இராது.

விமான உலகம் இந்தச் சிக்கலுக்குத் தீர்வு கண்டிருக்கிறது. பன்னாட்டுக் குடிசார் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 13 ஆவது இணைப்பு, விபத்து ஆராய்ச்சியின் ஒரே நோக்கம் இனி விபத்து நேராமல் தடுப்பதே என்றும், பழி சுமத்துவது அதன் நோக்கமல்ல என்றும் கூறுகிறது. ஒலிப்பதிவுகளுக்குத் தனிப் பாதுகாப்பும் உண்டு. இந்த உறுதி கிடைத்ததால்தான் தம் பின்னால் ஓர் ஒலிவாங்கி இருப்பதை விமானிகள் ஏற்றுக்கொண்டு பறக்கிறார்கள்.

படகுக்கும் இதே உறுதி வேண்டும். முதலாவதாக, பாதுகாப்புக்காக எடுத்த பதிவைக் கொண்டு அபராதம் விதிக்கக் கூடாது என்று சட்டமே சொல்ல வேண்டும். இரண்டாவதாக, பதிவு ஊரின் பொறுப்பில் இருக்க வேண்டும். ஏரியில் வலை போடும் இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்ற ஏற்பாட்டைப் பழவேற்காட்டுக் குப்பங்கள் தலைமுறை தலைமுறையாக நடத்தி வருகின்றன. எவர் முறை எந்நாள் என்ற கணக்கை நாணயமாகக் காக்கத் தெரிந்த ஊருக்கு, படகுப் பதிவைக் காப்பதும் கைவராத வேலையல்ல. மூன்றாவதாக, மின்கலம் மாற்றவும் பழுது பார்க்கவும் பயிற்சி பெற்ற இளைஞர்கள் அந்தந்தக் குப்பத்திலேயே இருக்க வேண்டும். காலாவதியான மின்கலம் என்ன செய்யும் என்பதை மேலே கண்டோம்.

பதிவுக் கருவி இறந்தவரை மீட்டுத் தராது. ஆனால் வாரன் தன் தந்தையைக் கடலில் இழந்தபோது கிடைக்காத விடை, இன்று பல குடும்பங்களுக்குக் கிடைக்கிறது. அந்த விடைகளால் அடுத்த விமானம் திருத்தப்படுகிறது. கடலில் போனவர் திரும்பாத வீட்டுக்கும் அந்த விடை கிடைக்க வேண்டும். மறுநாள் முகத்துவாரத்தைக் கடக்கும் படகுக்கு அது பயன்பட வேண்டும். கருவி செய்யத் தேவையான இயற்பியல் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. செய்து பாருங்கள்.